கட்சிப் பெயரில்லா வாக்குச்சீட்டு: அமெரிக்க நகராட்சி வரலாறு காட்டும் உண்மை

உள்ளூராட்சிக்குக் கட்சி வேண்டுமா என்பது குடியாட்சி நிலவும் நாடுகளில் மீண்டும் மீண்டும் எழும் வினாவாகும். நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டுறவு, வரிவிதிப்பு ஆகிய பெருங் கருமங்களிற் கொள்கை வேறுபாடு இருத்தல் இயல்பு; அவ்வேறுபாடு கட்சிகளாக உருப்பெறுதலும் இயல்பு. ஆயின், வடிகால் வெட்டுவதற்கும் தெருவிளக்கு ஏற்றுவதற்கும் குப்பை அகற்றுவதற்கும் கட்சிக் கொள்கை எதற்கு? நல்லவரும் வல்லவருமாகிய சிலரைத் தெரிந்து அவர் கையிற் பொறுப்பை ஒப்படைத்தாற் போதாதா? இவ்வாறு கேட்போர் பலர். எமது ஊர்களிற் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கோயிற் பரிபாலன சபைக்கும் ஆட்களைத் தெரிவுசெய்யும்போது நாமும் பெரும்பாலும் இக்கருத்தையே மேற்கொள்கின்றோம்.

இவ்வினாவுக்கு ஊகத்தால் விடை கூறுதல் எளிது. வரலாற்றைக் கொண்டு விடை காணுதலே பயனுடையது. கட்சிப் பெயர் நீக்கிய உள்ளூராட்சித் தேர்தலைப் பரந்த அளவில், நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டின் நகரங்களுட் பெரும்பாலானவற்றில் மேயரும் சபை உறுப்பினரும் கட்சிப் பெயர் பொறிக்கப்படாத வாக்குச்சீட்டினாலேயே தெரிவுசெய்யப்படுகின்றனர். கட்சிப் பெயர் அகன்றவிடத்து வாக்காளர் எதனைக் கண்டு அபேட்சகரைத் தெரிந்தனர்? அத்தெரிவால் நன்மை பெற்றோர் யாவர்? இழப்புற்றோர் யாவர்? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கட்சி இயந்திரக் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் விரைந்து பெருகின. அயர்லாந்து, ஜேர்மனி, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து ஏழை மக்கள் இலட்சக்கணக்கில் வந்து குடியேறினர். வந்தவருட் பலர் நாட்டு மொழியும் வழக்கமும் அறியாதவர். வேலையில்லாக் காலத்திலும் நோய்வாய்ப்பட்ட காலத்திலும் அவர்களைத் தாங்குதற்குத் தக்க அரசாங்க ஏற்பாடு அன்று இருக்கவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பியவர் வட்டாரந்தோறும் இருந்த கட்சித் தலைவர்கள். நியூயோர்க்கில் ஜனநாயகக் கட்சியினரின் கோட்டையாக விளங்கிய தமனி மண்டபம் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. அம்மண்டபத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வாஷிங்ரன் பிளங்கிற் என்பாரின் பேச்சுக்களைத் திரட்டி 1905ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியாயிற்று. தீயால் வீடிழந்த குடும்பத்துக்கு உடனே உடையும் உறைவிடமும் தேடிக்கொடுப்பதே வட்டார அரசியலின் முதற்பாடம் என அவர் கருதியமை அதனால் அறியக்கிடக்கின்றது. உதவி பெற்றவர் தேர்தல் நாளில் வாக்கினால் நன்றி செலுத்தினர்.

இவ்வுதவிக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. தமனி மண்டபத்தின் தலைவராயிருந்த வில்லியம் ருவீட்டும் அவர் கூட்டத்தினரும் நகரத்தின் பொதுப்பணத்தைப் பெருந்தொகையாகச் சூறையாடினர். ஒரு நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டுவதாகச் சொல்லி அவர்கள் எழுதிய கணக்குகள் இன்றும் ஊழலுக்கு உவமையாகக் கூறப்படுகின்றன. ருவீட் 1873இற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, 1878இற் சிறையிலேயே மாண்டார். அவர் மாண்டபின்னரும் இயந்திரம் மாளவில்லை. வேறு பல நகரங்களிலும் அதன் உடன்பிறப்புக்கள் ஆட்சி செலுத்தின.

இவ்வாட்சிக்கு அன்றைய வாக்களிப்பு முறையும் துணைநின்றது. அக்காலத்தில் வாக்குச்சீட்டை அரசாங்கம் அச்சிடவில்லை. கட்சிகளே தத்தம் அபேட்சகரின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு வாக்களிக்கும் இடத்தின் அருகே விநியோகித்தன. பல இடங்களில் அச்சீட்டுக்கள் கட்சிக்கொரு நிறமாக இருந்தமையால் இன்னார் இன்ன கட்சிக்கு வாக்களிக்கின்றார் என்பதை வீதியில் நிற்பவரும் அறிந்தனர். 1856ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா, தென் அவுஸ்திரேலியா ஆகிய குடியேற்ற நாடுகளில் அரசாங்கமே சீட்டை அச்சிட்டு மறைவிடத்தில் அடையாளமிடச் செய்யும் முறை சட்டமாயிற்று. மசாச்சுசெற்ஸ் மாநிலம் 1888இல் இதனை ஏற்றது. 1892ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுவிட்டன.

இம்மாற்றத்தின் முழுவிளைவும் அன்று பலர்க்குப் புலனாகவில்லை. சீட்டை அரசாங்கம் அச்சிடத் தொடங்கியதும் அதிலே எதனை அச்சிடலாம், எதனை அச்சிடலாகாது என்பது சட்டத்தால் தீர்க்கப்படவேண்டிய விடயமாயிற்று. பெயருக்கு அருகே கட்சியையும் குறிக்கலாமா? தொழிலைக் குறிக்கலாமா? எவர் பெயர் முதலில் வரவேண்டும்? அபேட்சகரைப்பற்றி வாக்காளர் கடைசியாக வாசிக்கும் சில சொற்களைச் சட்டம் தன் கையிலே எடுத்துக்கொண்டது. கட்சிப் பெயரை நீக்கும் எண்ணம் செயற்படத்தக்கதாயது இதன் பின்னரேயாம்.

சீர்திருத்தக்காரர் கொண்ட நோக்கம்

1894ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் நகராட்சிச் சீர்திருத்தம் விரும்பியோர் மாநாடு கூடினர். பின்னாளிற் சனாதிபதியாகிய தியோடர் றூஸ்வெல்ற்றும் அதிற் கலந்துகொண்டார். தேசிய நகராட்சிக் கழகம் அவ்வாண்டிலே தோன்றியது. நகராட்சி ஒரு வியாபார நிலையத்தைப் போலச் சிக்கனமாகவும் திறமையாகவும் நடைபெற வேண்டும் என்பது அக்கழகத்தாரின் கொள்கை. தெருவுக்குக் கல் பதிப்பதில் இக்கட்சிமுறை, அக்கட்சிமுறை என இரண்டில்லை என்பது அவர்கள் பெரிதும் எடுத்தாண்ட வாதம்.

இக்கொள்கைக்கு இயற்கையின் சீற்றமும் வழிதிறந்தது. 1900ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் நகரைப் பெரும் புயல் தாக்கிற்று. 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பழைய நகரசபை அவ்விடரைச் சமாளிக்க இயலாதிருந்தமையால், 1901இல் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் நகராட்சி ஒப்படைக்கப்பட்டது. ஐயோவா மாநிலத்து டி மொயின் நகரம் 1907இல் இவ்வமைப்பை ஏற்றபோது கட்சிப் பெயரற்ற தேர்தலையும் அதனோடு சேர்த்துக்கொண்டது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரைப் பெருவெள்ளம் மூடியது. மறுவருடத் தொடக்கத்தில் அந்நகரம், கட்சிப் பெயரின்றித் தெரிவாகும் ஐவர் சபையையும் அச்சபை நியமிக்கும் நகர முகாமையாளரையும் கொண்ட ஆட்சிமுறைக்கு மாறியது. இம்முறை நாடெங்கும் பரவிற்று. கலிபோர்ணியா மாநிலம் 1910களிற் கவுண்டி, நகர்ப் பதவிகள் யாவற்றையுமே கட்சிப் பெயரற்றனவாக்கியது.

இவ்வியக்கத்தில் நேர்மையான உள்ளத்தோர் பலர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஒப்பந்த ஊழலும் வேலைவாய்ப்பு வியாபாரமும் பல நகரங்களிற் குறைந்தன. ஆயின் வரலாற்று மாணவன் இயக்கத்தின் சொல்லை மட்டுமன்றி அதனை நடத்தியவரையும் நோக்குதல் வேண்டும். சாமுவேல் ஹேய்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1964இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியோர் பெரும்பாலும் வியாபாரத் தலைவரும் உயர்தொழில் செய்வோருமே எனக் காட்டினார். பிற்ஸ்பேர்க் நகரில் 1911ஆம் ஆண்டு வரை வட்டாரங்களிலிருந்து தெரிவான உறுப்பினருள் சிறு கடைக்காரரும் தொழிலாளரும் பலர் இருந்தனர். வட்டாரத்தை நீக்கி, முழுநகரையும் ஒரே தொகுதியாக்கி, ஒன்பதின்மர் சபையை அமைத்தபின் அத்தகையோருக்கு அங்கே இடம் அரிதாயிற்று. கட்சிப் பெயரை நீக்கலும் வட்டாரத்தை நீக்கலும் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன. இதனை மறந்தாற் பின்வரும் வரலாறு விளங்காது.

பொஸ்ரன் நகரத்திற் கண்ட முதற் சோதனை

கட்சிப் பெயரை நீக்கினால் வாக்காளர் தகுதியையே நோக்குவர் என்ற நம்பிக்கை எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதற்குப் பொஸ்ரன் நகரம் சிறந்த சான்று. அங்கே அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்க மக்கள் பெருந்தொகையினர். பழைய ஆங்கில வழிவந்த செல்வர் வியாபாரத்தையும் வங்கிகளையும் ஆண்டனர். ஜோன் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் அயர்லாந்து வழித் தலைவர் மேயராக இருந்த காலத்தில் நகர நிருவாகம்பற்றிப் பல குற்றச்சாட்டுக்கள் எழுந்தன. 1909ஆம் ஆண்டில் வாக்காளர் புதியதோர் அமைப்புச் சட்டத்தை ஏற்றனர். மேயருக்கு நான்காண்டுப் பதவி. முழுநகருக்குமாக ஒன்பது சபை உறுப்பினர். சீட்டிற் கட்சிப் பெயர் இல்லை. இனி வட்டாரத் தலைவர்களின் காலம் முடிந்தது எனச் சீர்திருத்தக்காரர் எண்ணினர்.

1910ஆம் ஆண்டு சனவரியில் அப்புதிய சட்டத்தின்கீழ் முதற்றேர்தல் நடந்தது. சீர்திருத்தக்காரர் நிறுத்தியவர் ஜேம்ஸ் ஸ்ரொறோ. செல்வர், வங்கியாளர், பொதுப்பணியில் நற்பெயர் பெற்றவர். அவருக்கு எதிரே நின்றவர் அதே பிற்ஸ்ஜெரால்ட். ஏறக்குறைய 1,400 வாக்குகளாற் பிற்ஸ்ஜெரால்டே வென்றார். எவரை விலக்குவதற்காக வேலி கட்டப்பட்டதோ அவரே அவ்வேலிக்குள் முதலிற் புகுந்தார். பின்னாளிற் சனாதிபதியாகிய ஜோன் கெனடி இவருடைய மகள்வயிற்றுப் பேரர்.

அவருக்குப் பின் வந்தவர் ஜேம்ஸ் மைக்கல் கேர்லி. வேறொருவருக்காக அரசாங்க உத்தியோகப் பரீட்சை எழுதிய குற்றத்துக்காக 1904இற் சிறையிலிருந்தபோதே நகரப் பதவியொன்றுக்குத் தெரிவானவர் இவர். 1914க்கும் 1950க்கும் இடையில் நான்கு முறை இவர் பொஸ்ரன் மேயராகப் பதவி வகித்தார். கட்சிப் பெயர் நீங்கியமை இவருக்குத் தடையாகாதது மட்டுமன்று, ஒருவகையில் உதவியுமாயிற்று. கட்சி ஒன்று இருந்தால் தலைவனையும் அது ஓரளவு கட்டுப்படுத்தும். கட்சியற்ற தேர்தலில் அவர் தம் பெயரையும் தம் இனத்தவரின் மனக்குறையையும் நாவன்மையையுமே முதலாகக் கொண்டு நின்றார். மக்கள் அவரிடத்திலே தம்மைக் கண்டனர்.

ஆயினும் வாக்காளரை அறிவிலிகள் என இகழ்தலும் பொருந்தாது. 1947இற் கேர்லி மீண்டும் சிறைசென்றபோது, நகரச் செயலாளராயிருந்த ஜோன் ஹைன்ஸ் தற்காலிக மேயராகக் கடமையாற்றினார். ஆரவாரமில்லாத அவரது நிருவாகத்தை மக்கள் கண்ணாற் கண்டனர். 1949ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரே கேர்லியைத் தோற்கடித்தார். ஹைன்சும் அயர்லாந்து வழியினரே. இரு அபேட்சகரும் ஓரினத்தவரானபோது இன அடையாளம் பயனற்றதாயிற்று. செயலை ஒப்பிட்டுப் பார்க்க வாக்காளருக்கு வாய்ப்புக் கிடைத்தது. வாக்காளருக்கு நம்பத்தக்க அடையாளமொன்று கிடைக்குமாயின் அவர் அதனைப் பயன்படுத்துவார்; கிடையாதாயிற் கிடைத்ததைக் கொள்வார்.

கட்சிக்குப் பதிலாக வந்த அடையாளங்கள்

அங்ஙனம் கிடைத்தவை யாவை என ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவாம்.

முதலாவது, பழகிய பெயர். ஒரு பதவியை ஏற்கெனவே வகிப்பவரின் பெயர் பத்திரிகையிலும் பொதுவிழாவிலும் அடிபடுவதால் வாக்காளர் நினைவில் நிற்கும். ஷாஃப்னர், ஸ்ரெப், றைற் என்னும் மூவர் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கட்சிப் பெயருள்ள தேர்தல்களையும் அற்ற தேர்தல்களையும் ஒப்பிட்டது. கட்சிப் பெயர் நீங்குமிடத்து வாக்காளர் கட்சியைச் சார்வது குறைகின்றது. பதவியிலிருப்பவரைச் சார்வது கூடுகின்றது என அவர்கள் கண்டனர். பதவியிலிருப்பவர் நல்லவராயின் இதனாற் கேடில்லை. அல்லராயின் அவரை அகற்றுதல் அரிது.

இரண்டாவது, சீட்டிற் பெயர் நிற்கும் இடம். பத்துப் பேருள் மூவரைத் தெரியும்படி கேட்கப்பட்ட வாக்காளர் எவரையும் அறியாராயின், மேலேயுள்ள பெயரில் அவர் கண் முதலிற் படுகின்றது. கலிபோர்ணியாவின் நகரசபை, பாடசாலைச் சபைத் தேர்தல்களை ஆராய்ந்த மெரடித், சலன்ற் என்போர் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, முதலிற் பெயர் வரப்பெற்றவர் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க அளவினும் நூற்றுக்கு 4 முதல் 5 வரை கூடுதலாக வெற்றிபெற்றனர். போட்டியிடுவோர் தொகை பெருகுமிடத்து இந்நன்மையும் பெருகிற்று. சான்ரா மொனிக்கா நகரிற் பதவியிலிருப்பவரின் பெயரையே முதலில் அச்சிடும் விதி ஒருகாலத்தில் இருந்தது. கலிபோர்ணியா உயர்நீதிமன்றம் 1975இல் அவ்விதியைச் செல்லாதாக்கியது. அதன்பின் அம்மாநிலத்தில் எழுத்துக்களைச் சீட்டுக் குலுக்கிப் பெயர்வரிசை தீர்க்கப்படுகின்றது. ஓர் எழுத்தின் அதிட்டம் ஒரு நகரத்தின் ஆட்சியை மாற்றவல்லது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டவாறு இது.

மூன்றாவது, தொழில். கலிபோர்ணியாவிற் பெயரின்கீழ்த் தம் தொழிலை மூன்று சொற்களுக்குள் அபேட்சகர் குறிக்கலாம். ஆசிரியர், வைத்தியர், சிறுவியாபாரி என்னும் சொல்லே சிலருக்குத் தீர்ப்பாகிவிடுகின்றது. கேர்க்லண்ட், கொப்பக் என்னும் இருவர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கற்பனை அபேட்சகர்களைப்பற்றிய விபரங்களைக் கொடுத்து மக்களைத் தெரியச் செய்தனர். கட்சிப் பெயர் இல்லாதபோது தொழில் அனுபவத்துக்கும் அரசியல் அனுபவத்துக்கும் மதிப்புக் கூடியது. ஆயின் குடியரசுக் கட்சியினர் தொழில் அனுபவத்தையும் ஜனநாயகக் கட்சியினர் அரசியல் அனுபவத்தையும் அதிகம் விரும்பினர். கட்சி சீட்டிலிருந்து அகன்றபின்னரும் வாக்காளர் உள்ளத்திலிருந்து அகலவில்லை என்பதே இதன் பொருள்.

நான்காவது, குழுக்களின் ஆதரவு. ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரிற் குடிமக்கள் அமைப்புச்சட்டச் சங்கம் என்பதும், சான் அன்ரோனியோ நகரில் நல்லாட்சிக் கழகம் என்பதும் தோன்றின. இவை தம்மைக் கட்சியென அழைத்துக்கொள்ளவில்லை. ஆயின் அபேட்சகர் வரிசையைத் தெரிதல், பணம் திரட்டல், பிரசாரம் நடத்தல் ஆகிய கட்சிக் கருமங்கள் யாவற்றையும் செய்தன. சிக்காகோவில் நகரசபை உறுப்பினருக்கான சீட்டிற் கட்சிப் பெயர் இல்லாதிருந்தும், மேயர் றிச்சாட் டேலியின் ஜனநாயகக் கட்சி இயந்திரம் 1955 முதல் 1976 வரை அச்சபையைத் தன் கைக்குள் வைத்திருந்தது. கட்சியை ஏட்டிலிருந்து நீக்குதல் ஒன்று; நாட்டிலிருந்து நீக்குதல் மற்றொன்று.

ஐந்தாவது, இனமும் நிறமும். இதுவே மிகக் கொடிய அடையாளம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1969ஆம் ஆண்டு மேயர் தேர்தலிற் பதவியிலிருந்த சாம் யோர்ற்றியை ரொம் பிராட்லி எதிர்த்தார். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். பிராட்லி கறுப்பினத்தவர், முன்னர்ப் பொலிஸ் உத்தியோகத்தர், 1963 முதல் நகரசபை உறுப்பினர். முதற்சுற்றிற் பிராட்லியே முன்னின்றார். இறுதிச் சுற்றில், பிராட்லி வென்றால் நகரம் தீவிரவாதிகள் கையில் வீழும் என்ற அச்சத்தை யோர்ற்றி வெள்ளையரிடையே பரப்பினார், வென்றும் விட்டார். நிறத்தைச் சீட்டில் எவரும் அச்சிடவில்லை. அதனை ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொண்டனர். ஆயின் 1973இல் அவ்விருவருமே மீண்டும் எதிர்நின்றபோது பிராட்லி வெற்றிபெற்றார். கறுப்பினத்தவர் நகர மக்களில் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்தவராயிருந்தும் அவர் 1993 வரை 20 ஆண்டுகள் மேயராக விளங்கினார். நான்கு ஆண்டுகள் நகரெங்கும் சென்று மக்களோடு பழகியதனாலும் பலவினத்தார் கூட்டணியொன்றை அமைத்ததனாலும் அச்சம் கரைந்தது.

வாக்களிக்க வாராதோர்

தெரிந்தோரைப்பற்றி மட்டும் பேசுதல் போதாது. தெரிய வாராதோரையும் எண்ணுதல் வேண்டும். மேலே கூறிய 2001ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு, கட்சிப் பெயர் நீங்குமிடத்து வாக்களிப்போர் தொகையும் குறைகின்றது என்பது. காரணம் அறிதற்கு அரிதன்று. கட்சி என்பது வாக்காளருக்குச் செலவில்லாத ஓர் அறிகுறி. அபேட்சகர் ஒவ்வொருவரையும் ஆராய நேரமும் கல்வியும் இல்லாத தொழிலாளிக்கு, தன் பக்கத்தவர் யார் என அது காட்டியது. தேர்தல் நாளில் வீட்டுக்கு வந்து அவரை அழைத்துச் சென்றதும் கட்சியே. இரண்டும் நீங்கியபின், பத்திரிகை வாசிப்போரும் சங்கங்களில் உறுப்புரிமை உடையோரும் சொந்த வீடு உள்ளோரும் தொடர்ந்து வாக்களித்தனர். ஏனையோர் பலர் வீட்டிலே தங்கினர். கலிபோர்ணிய நகரங்களை ஆராய்ந்து 1973இல் நூலெழுதிய வில்லிஸ் ஹோலி, இம்முறை வசதிபடைத்தோர் சார்ந்த குடியரசுக் கட்சியினருக்கு ஓரளவு வாய்ப்பாக அமைந்தது என முடிவுசெய்தார்.

முழுநகரும் ஒரே தொகுதியாக இருந்தவிடத்து இழப்பு இன்னும் பெரிதாயிற்று. சான் அன்ரோனியோவில் மெக்சிக்கோ வழிவந்த மக்கள் பெருந்தொகையினர். அவர்கள் வாழ்ந்த மேற்குப் பகுதியில் வடிகால் இன்றி மழைவெள்ளம் தேங்குதல் ஆண்டுதோறும் நிகழ்ந்தது. நல்லாட்சிக் கழகம் தன் வரிசையில் அவ்வினத்தவர் சிலரைச் சேர்த்ததாயினும் அவர்களைத் தெரிந்தது கழகமேயன்றி அப்பகுதி மக்களல்லர். 1975இல் வாக்குரிமைச் சட்டம் ஸ்பானிய மொழியினரையும் காக்கும்படி விரிவாக்கப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலால் 1977இற் பத்து வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே மெக்சிக்கோ வழியினர் ஐவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் சபையிற் புகுந்து பெரும்பான்மையாயினர். 1981இல் ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். சீட்டிற் கட்சிப் பெயர் அப்போதும் இல்லை. வட்டாரம் திரும்பிவந்தமையே மாற்றத்தைச் செய்தது. வடிகாலுக்குக் கட்சி இல்லை என்ற வாதம் உண்மையாயினும், வடிகால் எத்தெருவில் முதலில் வெட்டப்படும் என்பதற்குப் பக்கம் உண்டு என்பதை மேற்குப்பகுதி மக்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இன்னுமொரு குறையை அறிஞர் சாள்ஸ் ஏட்ரியன் 1952இலேயே சுட்டிக்காட்டினார். கட்சியற்ற சபையிற் கூட்டுப்பொறுப்பு இல்லை என்பது அது. ஒவ்வோர் உறுப்பினரும் தனித்து நிற்பதால், சபை தவறுசெய்தவிடத்து எவரைத் தண்டிப்பது என வாக்காளர் அறியார். இக்காரணங்களை எண்ணிப்போலும், நியூயோர்க் மக்கள் 2003ஆம் ஆண்டில் மேயர் மைக்கல் புளூம்பேர்க் ஆதரித்த கட்சியற்ற தேர்தல் யோசனையைப் பெரும்பான்மை வாக்கால் நிராகரித்தனர்.

மறுபக்கம்

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு கட்சியற்ற தேர்தல் முற்றும் பயனற்றது என முடிவு செய்தல் நடுநிலையாகாது. சிறிய ஊர்களில் நிலைமை வேறு. எரிக் ஒலிவர் என்னும் அறிஞர் சிற்றூர்களினதும் புறநகர்களினதும் தேர்தல்களை ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே வாக்களிப்போர் பெரும்பாலும் நெடுங்காலம் அவ்வூரில் வாழ்வோர். அபேட்சகரை நேரிற் கண்டோ, கண்டவர்வாய்க் கேட்டோ அறிந்தோர். வீதி செவ்வையாக இருக்கின்றதா, வரி நியாயமானதா என்பவற்றைக் கொண்டே அவர்கள் தீர்ப்பளிக்கின்றனர் என அவர் காட்டினார். பக்கத்து வீட்டாரின் நடத்தையை அறிந்தவருக்குக் கட்சி என்ற அறிகுறி வேண்டுவதில்லை. ஊர் பெருக்கப் பெருக்க இவ்வறிவு சுருங்குகின்றது. அறிவு சுருங்குமிடத்திலேதான் பெயரும் நிறமும் எழுத்து வரிசையும் தலைதூக்குகின்றன.

பெருநகரிலும் மக்கள் உண்மையான கேள்வியொன்றை எதிர்நோக்கும்போது அடையாளங்களைக் கடந்து தெரிவு செய்ததுண்டு. டெற்றோயிற் நகர மக்களிற் பத்துப் பேரில் எண்மர் கறுப்பினத்தவர். 1974 முதல் 2013 வரை அந்நகரத்து மேயராயிருந்தோர் யாவரும் அவ்வினத்தவரே. 2013ஆம் ஆண்டில் நகரம் கடனால் நொடித்தது. மாநில அரசாங்கம் அவசரகால முகாமையாளரை நியமித்தது. யூலை மாதம் நகரம் வங்குரோத்து மனுச் சமர்ப்பித்தது. அவ்வாண்டு மேயர் பதவிக்கு நின்ற மைக் டகன் வெள்ளையர். பெரிய வைத்தியசாலை நிறுவனமொன்றை நடத்தியவர். வதிவிட விதியொன்றைக் காரணங்காட்டி அவர் பெயர் சீட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் பெயரைச் சீட்டில் தம் கையாலேயே எழுதி மக்கள் அவரை முதற்சுற்றில் முதலாமவராக்கினர். அவர் பெயரைப் போன்றே ஒலிக்கும் பெயருடைய முடிதிருத்துநர் ஒருவரும் அச்சுற்றில் நின்றார், வாக்காளர் மயங்கவில்லை. நவம்பர் மாதத்தில், மக்கள் நன்கறிந்த கறுப்பினப் பொலிஸ் அதிகாரியாகிய பெனி நெப்போலியனை டகன் வென்றார். அச்சிடப்பட்ட பெயருமில்லை, இன உறவுமில்லை, கட்சிக் குறியுமில்லை. வெளிச்சமில்லாத் தெருவும் வராத அம்புலன்சுமே அத்தேர்தலின் பேசுபொருள்களாயிருந்தன. அத்தெருவிற் குடியிருந்தவருக்கு, அதனைத் திருத்தவல்லவர் யார் என்பதே வினாவாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? வாக்காளர் எப்போதும் ஏதேனுமோர் அறிகுறியைக் கொண்டே தெரிவு செய்கின்றனர். ஓர் அறிகுறியை நீக்கிவிட்டால் அவ்விடத்தைத் தகுதி என்பது தானாகவே வந்து நிரப்புவதில்லை. அருகே நிற்பது எதுவோ அதுவே புகுகின்றது. அபேட்சகரை அறியத்தக்க சிறிய வட்டாரமும், செயலைக் கணக்கிட்டுக் காட்டும் பத்திரிகையும், கூட்டத்தில் எழுந்து வினாவும் குடிமக்களும் இருக்குமிடத்துத் தகுதி புகுகின்றது. இவை இல்லாதவிடத்து இனமும் நிறமும் செல்வமும் எழுத்து வரிசையும் புகுகின்றன. ஆதலின் கட்சி வேண்டுமா வேண்டாமா என்ற வினாவுக்கு முன்னே கேட்கவேண்டிய வினா மற்றொன்று உண்டு: கட்சி சொல்லிக்கொடுத்ததை வாக்காளர் இனி எவரிடமிருந்து அறியப்போகின்றார்? இதற்கு விடை வைத்திராத சீர்திருத்தம், படித்தவர் கையிலும் பணம் உள்ளவர் கையிலும் ஊராட்சியைக் கொண்டுசேர்க்கும். வடிகாலில்லாத தெருவினரின் குரல் கேளாமற்போகும்.

வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓரதிகாரம் வகுத்தது அரசனை நோக்கியாம். வினைக்குரியாரை ஆராய்ந்து தெரிதல் அன்று அரசன் ஒருவனுக்கே உரிய கடமை. குடியாட்சியில் அக்கடமை குடிமக்கள் ஒவ்வொருவர் தோளிலும் ஏறியிருக்கின்றது. நாளை வாக்குச்சீட்டைக் கையிலேந்தப்போகும் மாணவர், அதிலே அச்சிட்டிருப்பதை மட்டும் வாசிக்கப் பழகினாற் போதாது. அச்சிடாதிருப்பது எது, அதன் இடத்தைத் தம் மனத்தில் நிரப்புவது எது என்பதையும் ஆராயப் பழகுதல் வேண்டும்.